தரவுத்தளத்தில் எஸ்கியூஎல் எழுதி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசிப் பதிவை மட்டும் எடுப்பது எப்படி? குரூப் பை போட்டால் தேதி சரியாக வருகிறது, தொகை தப்பாக வருகிறது

குரூப் பை போட்டு, தேதிக்கு மேக்ஸ் போட்டு, பக்கத்திலேயே பேலன்ஸையும் (பாக்கித் தொகை) எழுதியிருப்பீர்கள். உங்கள் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 5.7-க்கு முந்தையதாக இருக்கும். இல்லையென்றால் இப்படி எழுதினால் பிழை காட்டித் தடுக்கும் ஒன்லி ஃபுல் குரூப் பை என்ற அமைப்பை யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். மேக்ஸ் தருவது தேதியை மட்டும்தான், அந்தத் தேதி உள்ள வரியை அல்ல. பேலன்ஸ் அந்தக் குழுவின் எந்த வரியிலிருந்தும் வரலாம்.

இதில் நான் அடிபட்ட இடம் கடலூர் முதுநகர். ஒரு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். படகுக்காரர்கள் கடனுக்கு ஐஸ் எடுப்பார்கள், மீன் விற்றதும் கட்டுவார்கள். ஒரு காலையில் ஒருவர் பாக்கிச் சீட்டோடு வந்து நின்றார். "நேத்துதான தம்பி பத்தாயிரம் கட்னேன்? தேதி நேத்துது, பாக்கி பொங்கலுக்கு முந்தினது. இன்னா கணக்கு இது?" கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தன் பழைய நோட்டை விரித்து மானிட்டர் பக்கத்தில் வைத்தார். நோட்டுதான் சரி.

அவசரத்தில் டேபிள் முழுக்க எது பெரிய தேதியோ அந்த வரிகளை மட்டும் எடுத்தேன். அது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, ஃபைபர் படகுகள் மட்டும் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தன. பட்டியலில் ஒரு விசைப்படகுகூட இல்லை, பெரிய பாக்கியெல்லாம் அவர்களிடம்தான்!

கடைசியில் உருப்பட்டது இது: ரோ நம்பர் ஓவர் (வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுவது), உள்ளே பார்ட்டிஷன் பை படகு எண் (படகு வாரியாகப் பிரிக்க), ஆர்டர் பை தேதி டெஸ்க், ஐடி டெஸ்க் (DESC, புதியது முதலில்). இதைச் சப்கொயரியாக்கி (கேள்விக்குள் கேள்வி), வெளியே அந்த எண் 1 என்று வேர் (WHERE) போடுங்கள். ஐடியை விட்டுவிடாதீர்கள். காலையில் ஐஸ் எடுத்து மாலையில் பணம் கட்டினால் ஒரே தேதியில் இரண்டு வரி. மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முன்னால் இது கிடையாது. அங்கே "அதே படகுக்கு இதைவிடப் பிந்திய வரி இல்லை" என்று நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளம் என்றால் ஆர்டர் பை-யோடு டிஸ்டிங்ட் ஆன் போதும்.

பேலன்ஸை வரிக்கு வரி ஏன் சேமித்தாய், கூட்டி எடுக்க வேண்டியதுதானே என்று பின்னூட்டத்தில் வருவார்கள். தெரியும் ஐயா. நோட்டில் இருப்பது மாதிரியே வேண்டும் என்றார் முதலாளி. காசு கொடுப்பவர் அவர்.

கொடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. கடைசித் தவணை கேட்டபோது, "தடைக்காலம் தம்பி, தொழிலே இல்ல" என்றார். ஜூலையில் போனேன். "இப்பதான படகு எறங்கிருக்கு." போன வாரம் போனால், "ஐப்பசி மழ ஓயட்டும்" என்கிறார்.