துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்ட இளம் வேட்டைநாயை மறுபடி காட்டுக்குள் கூட்டிப்போவது எப்படி?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ரக்கூன் என்ற மரமேறும் சிறு விலங்கை வேட்டையாட, ஒன்பது மாத ட்ரீயிங் வாக்கர் கூன்ஹவுண்ட் இன நாய் ஒன்றை வாங்கினேன். ரக்கூனை மோப்பம் பிடித்துத் துரத்தி, அது ஏறிய மரத்தடியில் நின்று குரைப்பதுதான் இந்த நாயின் வேலை. நண்பரின் மூன்று நாய்களோடு மூன்று இரவுகள் காட்டுக்குக் கூட்டிப்போனேன். முதல் இரவு என் காலை விட்டு நகரவில்லை. இரண்டாம் இரவு மரத்தடியில் துப்பாக்கி வெடித்ததும் நடுங்கிப்போனது. மூன்றாம் இரவு வண்டியை விட்டே இறங்கவில்லை. விற்றுவிடு என்கிறார் நண்பர். இல்லையென்றால் கூண்டில் பிடித்த ரக்கூனை அதன்மேல் விட்டுப் பார் என்கிறார். என்ன செய்யலாம்?"

விற்க வேண்டாம். கூண்டு ரக்கூன் கூடவே கூடாது. அடுத்த சில வாரங்களுக்கு இரவு வேட்டையையும் நிறுத்திவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கும் ஒன்றேகால் வயதுக்கும் நடுவில் பல நாய்களுக்குத் திடீரென்று ஒரு மிரட்சிக் காலம் வரும். நேற்றுவரை சும்மா கடந்துபோன குப்பைத்தொட்டியைப் பார்த்து இன்று பின்வாங்கும். அந்தக் காலத்தில் ஏற்படும் அதிர்ச்சி ஆழமாகப் பதிந்துவிடும். உங்கள் நாய் சரியாக அந்த வயதில்தான் இருட்டு, அறிமுகமில்லாத மூன்று நாய்கள், தலைக்கு மேல் வெடிச்சத்தம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சந்தித்திருக்கிறது. இதை வைத்து அதற்கு வேட்டைக்குணம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் டென்னசியிலிருந்து கென்டக்கிக்குப் போன 'டென்னசி லெட்' என்ற நாயின் ரத்தம் வாக்கர் நாய்களில் ஓடுகிறது. 1945இல் அமெரிக்காவில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் யுனைடெட் கென்னல் கிளப்பின் பதிவேட்டில் தனியாக இடம்பிடித்த இனம் இது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த மூக்கு ஒரு வெடிச்சத்தத்தில் போய்விடாது. பயம் அதை மூடிவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரிகிறதா, உண்ணிக் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருட்டில் கண் தெரியாத நாயும் கோழை போலத்தான் தோன்றும்.

அப்புறம் வண்டி. இப்போது வண்டி என்றாலே அதற்கு அந்த இரவுதான் ஞாபகம் வரும். நிறுத்திவைத்த வண்டியில் சில நாள் சாப்பாடு வையுங்கள். பிறகு பகலில் கூட்டிப்போய் ஒரு வயல்வெளியில் இறக்கி, சும்மா அலையவிட்டுத் திரும்புங்கள். இறங்க மறுத்தால் இழுக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. அது உங்களிடம் ஒண்டினால் ஒண்டட்டும். வால் காலிடுக்கில் போவது, உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, பிடித்த தின்பண்டத்தையே வேண்டாமென்று முகம் திருப்புவது, இவையெல்லாம் 'இன்றைக்குப் போதும்' என்று அது சொல்லும் விதம். அதைக் கவனித்து அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்சாரக் கழுத்துப்பட்டையை இந்த நாயின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பகலில் காட்டுக்குள் துள்ளித் திரிய ஆரம்பித்ததும் மோப்ப வேலைக்கு வாருங்கள். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். பதப்படுத்திய ரக்கூன் தோல், அல்லது கடையில் புட்டியில் விற்கும் ரக்கூன் வாசனை இருந்தால் போதும். தோலை ஒரு நீண்ட கழியின் நுனியில் கட்டி, உங்கள் கால்தடத்துக்குப் பக்கவாட்டில் தரையில் உரசும்படி இழுத்துப்போங்கள். கழி இல்லாமல் பின்னால் இழுத்தால் நாய் ரக்கூனை விட்டு உங்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு வரும். முதல் தடவை ஐம்பது அடி தூரம் போதும். கடைசியில் ஒரு மரத்தின் அடிப்பகுதியில் கை எட்டும் உயரம்வரை தோலைத் தேய்த்து, மேலே கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு நாயை நீளக் கயிற்றில் விடுங்கள். மூக்கைத் தரையில் வைத்துத் தானாக இழுக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். மரத்தில் முன்னங்கால் வைத்து ஒரு குரல் கொடுத்தால் போதும், உலகமே அதனுடையது என்பதுபோலக் கொண்டாடுங்கள். அதோடு அன்றைய பாடத்தை முடியுங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, தடத்தை மெல்ல நீட்டுங்கள், வளைவு வையுங்கள், போட்ட தடத்தை அரைமணி நேரம் ஆறவிடுங்கள். குரலையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பல மோப்ப வேட்டைநாய்கள் தடத்தில் போகும்போது இழுத்து இழுத்துக் கூவும், மரத்தடியில் வெட்டி வெட்டிக் குரைக்கும். உங்கள் நாயின் குரல் அப்படி மாறுகிற நாளில் அதற்கு வேலை புரிந்துவிட்டது. அதன்பின் அதே பயிற்சியைச் சாயங்காலத்துக்கும், பிறகு இருட்டுக்கும் நகர்த்துங்கள். உங்கள் தலைவிளக்கு வெளிச்சத்துக்கும் அப்போதே பழகிவிடும்.

மற்ற நாய் தேவையென்றால் ஒன்றே ஒன்று, வயதான, அமைதியான நாய். மரத்தடியில் உறுமி மற்ற நாயைத் துரத்தும் நாய் வேண்டவே வேண்டாம். அமைதியான நாயோடும் நாலைந்து இரவுகளுக்கு மேல் வேண்டாம். பெரிய நாய் குரைத்தால் மட்டும் குரைக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம். பிறகு தனியாக விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகும். கோபப்படாதீர்கள், அந்த இடைவெளி தானாக நீளும்.

கூண்டு ரக்கூனை ஏன் வேண்டாமென்றேன் என்றால், மூலையில் சிக்கிய ரக்கூன் கடிக்கும், கீறும். ஏற்கெனவே மிரண்ட நாய் அந்த வாசனையையே வெறுத்துவிடும். சட்டப்படியும் பல மாநிலங்களில் காட்டு ரக்கூனைப் பிடித்துவைக்கத் தடை உண்டு. நோய் அபாயம் வேறு. ரக்கூன்கள் வெறிநோயையும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயையும் பரப்பக்கூடியவை. இரண்டுக்கும் தடுப்பூசி போடாமல் நாயைக் காட்டில் விடாதீர்கள். ரக்கூன் கடித்து ஒன்றிரண்டு வாரத்தில் பின்னங்கால் தள்ளாடி, குரல் கம்மினால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அது கூன்ஹவுண்ட் வாதம் என்ற நரம்பு நோயாக இருக்கலாம். பெரும்பாலான நாய்கள் தேறிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

துப்பாக்கி கடைசியில். நாய் ஆர்வமாகச் சாப்பிடும்போது, நன்றாக எட்ட நின்று ஒருவர் .22 என்ற சிறு ரகத் துப்பாக்கியால் ஒரே ஒரு வேட்டு வெடிக்கட்டும். தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டால் அந்தத் தூரம் சரி. சாப்பாட்டை விட்டு விலகினால் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். மோப்பத் தடம் நன்றாகப் பழகியபின், மரத்தடியில் அது மும்முரமாகக் குரைக்கும்போது மட்டும் அங்கே வெடியுங்கள். அப்போதும் பயம் போகவில்லை என்றாலும் நாய் வீணாகாது. யுனைடெட் கென்னல் கிளப்பின் இரவுப் போட்டிகளில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. நாய் தடம் பிடித்து மரத்தைக் காட்டினால் மதிப்பெண், ரக்கூன் மரத்திலேயே இருந்துவிடும். இரண்டு வயது வரை பொறுத்துப் பாருங்கள்.