நடிப்பை நம்பிப் போகலாமா?

கேள்வி: ஏ.எல். (உயர்தரம்) முடித்த என் மகன் நடிப்பையே தொழிலாகக் கொள்ளப்போவதாகச் சொல்கிறான். கணினியே நடிகர்களை உருவாக்கும் இந்தக் காலத்தில் அந்தத் தொழில் நின்றுபிடிக்குமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: யாழ்ப்பாணத்தில் அது எப்போது தொழிலாக நின்றது என்பதை முதலில் கேட்க வேண்டும், அம்மா. நாட்டுக்கூத்து ஆடியவர்கள் பகலில் தோட்டத்திலும் கடலிலும் உழைத்தவர்கள். நவீன நாடக மேடைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும். ‘நாடகமும் அரங்கியலும்’ பாடத்தை உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படித்துத் தேறியவர்கள்கூட, பெரும்பாலும் அதே பாடத்தைப் பாடசாலையில் கற்பித்துத்தான் சம்பளம் பெறுகிறார்கள். உங்கள் மகனுக்கு முதல் இடைஞ்சல் கணினியால் வரவில்லை. காசு கொடுத்து நாடகம் பார்க்க மனமில்லாத நம்மால்தான் வருகிறது.

1931இல் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபோது, தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா போன்று மேடையில் பாடித் தேர்ந்தவர்களுக்கே வாழ்வு வந்தது. 1940களில் பின்னணிப் பாடல் பரவியதும், பாடத் தெரியாதவரும் கதாநாயகராகலாம் என்றாயிற்று. ஆனால் அன்றைய மாற்றம் எதுவும் நடிகரின் முகத்தையும் குரலையும் அவரில்லாமலே இயக்கவில்லை. இன்று அது நடக்கிறது. 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் 2024இல் வெளியான படத்தில் தோன்றினார். மறைந்த பாடகர்கள் இருவரின் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் குடும்பத்தாரின் அனுமதியுடன் மீளப் பயன்படுத்தினார். புகழ்பெற்றவருக்காக அனுமதி கேட்கவாவது ஆள் உண்டு. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரை ஒரு நாள் சம்பளத்துக்கு ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் கேட்பார் யார்? ஹாலிவுட் நடிகர் சங்கம் 2023இல் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். அப்படித் தாங்கள் கேட்கவில்லை என்று ஸ்டுடியோக்கள் மறுத்தாலும், நடிகரின் கணினிப் பிரதிக்கு அவரது சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்பது முடிவில் ஒப்பந்தத்தில் ஏறியது.

நட்சத்திரங்களின் சம்பளத்தில் கைவைக்கக் கணினிக்கு நெடுநாள் பிடிக்கும். முதலில் போவது டப்பிங் குரலும் விளம்பரக் குரலும் கூட்டக் காட்சியும். புதிதாக வருபவன் தொழில் பழகிக்கொண்டே சோற்றுக்கும் வழி தேடிய இடங்கள் இவைதான்.

மேடையின் கதை வேறு. யாழ்ப்பாணத்துக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்து வளர்த்த இசைநாடக மரபில், மயானத்தில் நிற்கும் அரிச்சந்திரன் விருத்தம் பாடும்போது சபை அடங்கியிருந்தால் அதே வரியை வேறு விதமாக இழைத்து இன்னொரு சங்கதி போடுவான். பின்வரிசை சலசலத்தால் சுருக்கிக்கொண்டு வசனத்துக்கு வருவான். ஆர்மோனியக்காரரும் அவன் முகத்தைப் பார்த்தே தொடர்வார். அன்றைய இரவின் சபையை அறியாத இயந்திரத்துக்கு இது கைவராது. இருந்தும் இதைச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்: சில திருவிழா இரவுகளை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது.

ஆகவே மகனைத் தடுக்க வேண்டாம். வேறொரு வருமானத்தையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே குறும்படங்களும் பாட்டுக் காணொளிகளும் பெரும்பாலும் எழுத்து ஒப்பந்தமின்றி வாய்ப்பேச்சிலேயே எடுக்கப்படுகின்றன. தாளொன்று நீட்டப்பட்டு, அதில் ‘உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், இனிக் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரி இருந்தால், கையெழுத்திடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டட்டும். தன் முகமும் குரலும் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன பணத்துக்கு என்று எழுதித் தர மறுப்பவரின் படத்தை விட்டுவிடுவதில் அவனுக்கு நட்டம் எதுவுமில்லை.