விற்பனைக்கு வரும் சுங்கத் தரவு: எப்போது வாங்கலாம்?

கேள்வி: தரையில் பதிக்கும் பீங்கான் டைல்ஸ் தயாரிக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. ஏற்றுமதியில் இறங்க விரும்புகிறோம். வெளிநாட்டு இறக்குமதியாளர்களின் பெயர்களோடு சுங்கத் தரவு தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் ஆண்டுச் சந்தா கேட்கிறது. கட்டலாமா, இலவசத் தரவே போதுமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க இலவசப் புள்ளிவிவரங்களே போதும். அந்த நாட்டில் யாரிடம் பேசுவது என்ற கேள்வி எழும்போதுதான் கட்டணத் தரவுக்கு வேலை வருகிறது.

முதலில் உங்கள் பொருளின் எச்.எஸ். குறியீட்டை, அதாவது வர்த்தகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணை, உறுதி செய்துகொள்ளுங்கள். உலகச் சுங்க அமைப்பு வகுத்து 1988 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறையில் முதல் 6 இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. பீங்கான் டைல்ஸ் 6907 என்ற தலைப்பில் வருகிறது, அதற்குள் 6907.21, 6907.22, 6907.23 ஆகிய பிரிவுகள் டைல்ஸ் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து அமைந்தவை. 2017 திருத்தத்துக்கு முன் கிளேஸ் எனப்படும் கண்ணாடி போன்ற மேற்பூச்சு பூசிய டைல்ஸுக்கு 6908 என்ற தனித் தலைப்பு இருந்தது. அது நீக்கப்பட்டு 6907-இல் சேர்க்கப்பட்டது. இதை அறியாமல் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால், ஒரு சந்தை திடீரென மறைந்தது போலவும் மற்றொன்று பெருகியது போலவும் தோன்றும்.

குறியீடு கையில் இருந்தால் ஐ.நா. புள்ளியியல் பிரிவின் காம்டிரேட் தளத்திலும், ஜெனீவாவில் உள்ள பன்னாட்டு வர்த்தக மையத்தின் டிரேட் மேப் தளத்திலும் எந்த நாடு யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று பார்க்கலாம். தொடக்கத்துக்கு டிரேட் மேப்பே எளிது என்பது என் கருத்து. மொத்த மதிப்பில் பெரிய நாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட, சில ஆண்டுகளாகச் சீராக வளர்வதும் ஒரே நாட்டின் சரக்கையே நம்பியிராததுமான சந்தையைத் தேடுங்கள். மதிப்பைச் சதுர மீட்டரால் வகுத்தால் கிடைக்கும் சராசரி விலை, அந்தச் சந்தையில் உங்கள் விலை எடுபடுமா என்பதை ஓரளவு காட்டிவிடும்.

ஆனால் அந்த விலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான நாடுகள் இறக்குமதி மதிப்பில் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்க்கின்றன. ஏற்றுமதி மதிப்பில் அவை சேர்வதில்லை. டைல்ஸ் போன்ற கனமான, மலிவான சரக்கில் இந்த வேறுபாடு பெரிது. அனுப்பிய நாட்டின் கணக்கும் வாங்கிய நாட்டின் கணக்கும் பொருந்தாமல் போக இது ஒரு முக்கியக் காரணம். ராட்டர்டாம், சிங்கப்பூர் போன்ற துறைமுகங்கள் வழியாக வேறு நாடுகளுக்குப் போகும் சரக்கு, இடையில் உள்ள நாட்டின் பெயரில் பதிவாவது இன்னொரு காரணம். வாங்கும் நாடு தன் கணக்கை வெளியிடவில்லை என்றால், அதற்கு விற்கும் நாடுகளின் ஏற்றுமதிக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதே வழி.

இந்தத் தளங்கள் நாட்டளவிலான கணக்கையே தருகின்றன. வாங்குபவரின் பெயருக்குத்தான் கப்பல் சரக்குப் பதிவுகள் தேவைப்படுகின்றன. அமெரிக்காவில் கடல்வழி வரும் சரக்கின் மேனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்) விவரங்களை வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. விற்பனைக்கு வரும் தரவில் இத்தகைய பதிவுகளும் அடங்கும். அங்கும் விரும்பும் நிறுவனம் விண்ணப்பித்துத் தன் பெயரை மறைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் வரி, சுங்கத் துறையோ இறக்குமதி நிறுவனங்களின் பெயர்களைப் பொருள் குறியீட்டோடு இலவசமாகவே வெளியிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு வாங்கியது என்பது மட்டும் அதில் இருக்காது. எனவே, நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாடு பெயர்களை வெளியிடும் நாடுதானா என்பதைச் சந்தாவுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பிறகு விற்பவரிடம் அந்த நாட்டின் 6907 பதிவுகளை மூன்று மாதங்களுக்கு மாதிரியாகக் கேளுங்கள். சரக்கைப் பெறுபவர் என்ற இடத்தில் உண்மையான வாங்குபவர் எத்தனை வரிகளில் இருக்கிறார், சரக்கு முகவர் அல்லது வங்கியின் பெயர் எத்தனை வரிகளில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாதிரியில் உள்ள மொத்த எடையை, அதே மாதங்களுக்கு அந்த நாடு வெளியிட்ட இறக்குமதி எடையோடு ஒப்பிடுங்கள். அதில் சிறு பங்கே தேறினாலோ, மாதிரி தர விற்பவர் மறுத்தாலோ சந்தாவைக் கைவிடுவதே நல்லது. பெரும்பகுதி பொருந்தி, வாங்குபவர்களின் பெயர்களும் தெளிவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அப்போதும் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும், குறுகிய காலச் சந்தாவாகக் கேளுங்கள்.