ஹீட்டரை மாற்றும் முன் அதன் விளக்கைப் பாருங்கள்

கேள்வி: 100 லிட்டர் மீன் தொட்டியில் நியான் டெட்ராவும் கப்பியும் வளர்க்கிறேன். 100 வாட் ஹீட்டரை 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஆனாலும் வெப்பமானி விடியற்காலையில் 23, பிற்பகலில் 27 என்று காட்டுகிறது. 300 வாட் ஹீட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நாளை விடியற்காலையில், தண்ணீர் 23 டிகிரியில் இருக்கும்போது, ஹீட்டரில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எரியவில்லை என்றால், தண்ணீர் சூடாகிவிட்டதாக ஹீட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது. நீரோட்டம் இல்லாத மூலையில் அது இருந்தால் தன்னைச் சுற்றியுள்ள நீரை மட்டும் சூடாக்கிவிட்டு அணைந்துவிடும். ஃபில்டரின் நீர் வந்து மோதும் இடத்துக்கு அதை மாற்றுங்கள்; வெப்பமானியை எதிர் மூலையில் ஒட்டுங்கள். திருகில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பவே வேண்டாம். ஓரிரு டிகிரி பிசகுவது சாதாரணம், திருகிச் சரிசெய்துகொள்ளலாம். இடம் மாற்றியும் மூன்று டிகிரி வித்தியாசம் நீடித்தால், வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரை எரியவிட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் பழுது. ஹீட்டரை மாற்றத்தான் வேண்டும்.

விளக்கு இரவு முழுதும் எரிந்தும் 23தான் என்றால், ஹீட்டர் தன்னால் முடிந்ததைச் செய்கிறது, அறையின் குளிர் அதை வெல்கிறது. 100 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 116 வாட்-மணி ஆற்றல் வேண்டும். துளி வெப்பம்கூட வெளியேறாவிட்டாலும் உங்கள் ஹீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பம் பெரும்பாலும் நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாதலால்தான் போகிறது. எனவே முதல் செலவு மூடிக்கு.

மூடிய பிறகும் போதவில்லை என்றால் வாட்டைக் கூட்டலாம். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கு, அறை வெப்பநிலை நீரைவிடச் சில டிகிரி மட்டும் குறைவாக இருக்கும்போதுதான் பொருந்தும். அப்போதும் ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக 75 வாட் ஹீட்டர் இரண்டை இரு முனைகளிலும் வைக்கவே சொல்வேன். தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் போவதுண்டு. அப்படி ஒட்டிக்கொண்ட 300 வாட் ஹீட்டர் உங்கள் தொட்டியை மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். காலையில் மீன்கள் வெந்திருக்கும். 75 வாட் என்றால் ஏற்றம் மெதுவாக இருக்கும், கவனிக்க அவகாசம் கிடைக்கும். ஒன்று அடியோடு செத்தாலும் மற்றொன்று ஓரளவு தாங்கும்.

பிற்பகல் 27 டிகிரிக்கு ஹீட்டரைக் குறைசொல்லாதீர்கள், அந்நேரம் அதன் விளக்கு அணைந்திருந்தால். குளிர்விக்க அதற்குத் தெரியாது. ஜன்னல் வெயிலோ தொட்டி விளக்கோ காரணமாக இருக்கலாம். 27 டிகிரியே இந்த மீன்களுக்கு ஆபத்தல்ல; தினமும் நான்கு டிகிரி ஏறி இறங்குவதுதான் அவற்றின் எதிர்ப்புச் சக்தியைத் தின்கிறது. வெண்புள்ளி நோய் பெரும்பாலும் இப்படிக் குளிர்ந்த நாட்களை ஒட்டியே தலைகாட்டும்.

தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு 15 நிமிடம் பொறுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் நீருக்கு வெளியே வந்தால் விரிசல் விடும். ஊற்றும் புது நீரையும் வெப்பமானியால் அளந்து, தொட்டி நீரோடு ஒத்துப்போன பிறகே ஊற்றுங்கள்.