ஒரே தட்டு, ஒரே ஊறுகாய் ஜாடி: இரைப்பைப் புற்றுநோய் கேள்வி-பதில்

கேள்வி: மாமனாருக்கு இரைப்பையில் புற்றுநோய். அவர் தட்டிலிருந்துதான் என் மகன் சாப்பிடுவான். ஒட்டிக்கொள்ளுமா? (வாசகி, மன்னார்குடி)

புற்றுநோய் ஒட்டாது. பெரியவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி மனதை நோகடிக்காதீர்கள். ஒட்டக்கூடியது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இரைப்பையின் உட்சுவரில் வருடக்கணக்கில் தங்கிப் புண்ணாக்கும். 1994-லேயே புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எச்சில் வழியாகவும், மலம் கலந்த தண்ணீர் வழியாகவும், பெரும்பாலும் சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வரும். ஆனாலும் அப்பாவுக்கு வந்திருப்பதால் உங்கள் கணவர் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மலப் பரிசோதனையிலேயே கிருமி தெரிந்துவிடும்.

கேள்வி: மாமியார் சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டுகிறார். சொன்னால் கோபம். (திருவாரூர்)

கோபித்துக்கொள்ளட்டும். குழைய வடித்த சோற்றைக் கை கழுவிவிட்டு மசித்தாலே போதும். டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கச் சொன்னவர்களும் இதே பாட்டிமார்தான். அதை நினைவூட்டிப் பாருங்கள்!

கேள்வி: கருவாடு, நார்த்தங்காய், மோர் மிளகாய் இல்லாமல் பழைய சோறு இறங்காது. ஆபத்தா? (நாகப்பட்டினம்)

பழைய சோறு பாவம், அதன்மேல் பழியில்லை. தொட்டுக்கொள்வதில்தான் உப்பு. அதிக உப்பு இரைப்பையின் உட்படலத்தை அரிக்கும். கிருமியும் அங்கே இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் நார்த்தங்காய் ஜாடி; தாத்தா ஒரு துண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு துண்டு. ஒரே குடும்பத்தில் நோய் திரும்ப வந்தால் 'பரம்பரை' என்று சொல்லிவிடுகிறோம். மரபணுவுக்கும் பங்குண்டுதான். அந்த ஜாடியையும் கணக்கில் சேருங்கள்.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசித் தண்ணீரைக் கொட்டுங்கள். குழம்பில் அது வெந்தபின் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். தினமும் வேண்டாம், வாரம் ஒருநாள் போதும். மற்ற நாளில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாமே.

கேள்வி: பல வருடமாக கேஸ் மாத்திரைதான். (52 வயது, கும்பகோணம்)

மாத்திரை எரிச்சலை அடக்கும், கிருமியைக் கொல்லாது. எடை குறைதல், கறுப்பு மலம், நாலு வாயிலேயே வயிறு நிறைவது, இதில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பியை (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) தள்ளிப்போடாதீர்கள். கிருமிப் பரிசோதனைக்கு முன் இந்த மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் கூட்டு மருந்து. ஐந்தாம் நாளே நன்றாயிருக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.