கட்டிலுக்கடியில் பாராங்: திருடனை வெட்டினால் வழக்கு இல்லையா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஆலையில் இரவு வேலை. வீட்டில் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்தான். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து கணவர் கட்டிலுக்கடியில் ஒரு பாராங் கத்தியை வைத்திருக்கிறார். "வீட்டுக்குள் கால் வைத்தவனை வெட்டினால் வழக்கே கிடையாது" என்கிறார். இது உண்மையா ஐயா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, சகோதரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் மலேசிய நாட்டின் குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும் என்பதையும் அவை வரையறுத்திருக்கின்றன. உடம்பைக் காப்பது 100ஆவது பிரிவு: சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவை. உடைமையைக் காப்பது 103ஆவது பிரிவு: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல். வெறும் திருட்டும் அத்துமீறலும் இந்த வரிசையில் சேர வேண்டுமானால், தடுக்காவிட்டால் உயிருக்கோ உடம்புக்கோ பெருங்கேடு வரும் என்று நியாயமாக அஞ்சும் நிலை இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கணவர் பற்றிக்கொண்டிருப்பது "இரவில் உடைத்துப் புகுதல்" என்பதை. அதற்குச் சட்டம் தரும் பொருள் குறுகலானது. சாளரத்தின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே நுழைபவன், பூட்டைத் திறப்பவன், கூரைத் தகரத்தைப் பெயர்த்து இறங்குபவன், ஆளைத் தாக்கிவிட்டு வருபவன் ஆகியோர் 445ஆவது பிரிவின்படி உடைத்துப் புகுந்தவர்கள். திறந்து கிடந்த அடுப்படிக் கதவு வழியாக நடந்து வந்தவன் அத்துமீறி நுழைந்தவன் மட்டுமே. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் வீட்டுக்குள் நுழையவே இல்லை. அவனைத் தடுக்கலாம், வண்டியைப் பிடுங்கலாம். வண்டிக்காக அவன் உயிரை எடுக்க முடியாது.

சரி, உடைத்துத்தான் வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 99ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: காப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் கேடு செய்யக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை. உயிருக்குப் போராடுகிறவன் ஒவ்வோர் அடியையும் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் முதல் வெட்டில் விழுந்தவன்மேல் ஐந்தாவது வெட்டு ஏன் விழுந்தது என்று கட்டாயம் கேட்கும். காயம் மார்பிலா முதுகிலா என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்லிவிடும். முதுகில் என்றால், ஓடுகிறவனிடம் உங்களுக்கு என்ன அச்சம் என்பதுதான் அடுத்த கேள்வி.

அவனைத் துரத்திக்கொண்டு பாராங்கோடு சாலைக்கு வந்தால் இன்னொரு வழக்கும் சேரலாம். பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் உண்டு. பாராங் தோட்ட வேலைக்கானது என்ற சமாதானம் நள்ளிரவில் எடுபடுவது கடினம்.

தோட்டப்புறங்களில் நான் அதிகம் அஞ்சுவது கட்டிலுக்கடியில் இருக்கும் கத்தியைக்கூட அல்ல. கூச்சல் கேட்டதும் திரண்டு வரும் லயத்தை. திருடனைப் பிடிப்பதில் தவறில்லை. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் பிடிக்கத்தக்க குற்றத்தைக் கண்முன்னே செய்பவனைப் பொதுமக்களும் பிடிக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. பிடித்தவனைத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கையைக் கட்டித் தூணோடு சேர்த்து நிறுத்திய பிறகு தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பின் விழும் ஒவ்வோர் உதையும் தாக்குதல். அவன் இறந்துவிட்டால், 34ஆவது பிரிவின்படி பொது நோக்கத்தோடு கைவைத்த எல்லாரும் ஒரே குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். "நான் ஒரே ஓர் அறைதான் அறைந்தேன்" என்பது தானாக ஒருவரைக் காப்பாற்றிவிடாது.

காட்டுப்பன்றிக்குப் போடுவதுபோல வேலியில் மின்சாரம் பாய்ச்சும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். அதைக் காதிலேயே வாங்காதீர்கள். கம்பிக்குத் திருடனையும், பந்தெடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பிரித்தறியத் தெரியாது.

ஒருவர் இறந்துவிட்டால் என்ன நடக்கும்? முதலில் வெட்டியவரைத்தான் கைது செய்வார்கள். கொலை விசாரணையில் தடுப்புக்காவல் முதலில் ஏழு நாள், பிறகு மேலும் ஏழு நாள் வரை போகலாம். கொலைக்கான 302ஆவது பிரிவில் குற்றம் சாட்டப்பட்டால், பெண், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், நோயாளி போன்றோரைத் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் கிடைப்பது அரிது. தற்காப்புக்காகச் செய்தேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. 2023 ஜூலை முதல் கொலைக்கு மரண தண்டனை கட்டாயமில்லை. மரண தண்டனை இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் குறைந்தது 12 பிரம்படியும். நல்லெண்ணத்தோடு காக்கப்போய் எல்லை மீறிவிட்டார் என்று நீதிமன்றம் ஏற்றால், அது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். அதற்கும் 304ஆவது பிரிவில் 30 ஆண்டு வரை இடமிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். அந்தக் கத்தியை உண்மையில் எடுக்கப்போவது யார்? கணவர் ஆலையில் இருக்கிறார். விளக்கில்லாத நடையில், தூக்கக் கலக்கத்தில், ஓர் உருவத்தை நோக்கி ஓங்கப்போவது நீங்கள். அந்த உருவம் தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாராக இருக்கலாம். உடம்பு சரியில்லையென்று வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய கணவராகவும் இருக்கலாம். திருடனாகவே இருந்தாலும், கத்தி அவன் கைக்குப் போக ஒரு நொடி போதும்.

பாராங்கை வேலைக் கொட்டகைக்கு அனுப்புங்கள். நால்வரும் ஒரே அறையில் படுங்கள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் போடுங்கள். பின்வாசலில் எரியும் விளக்கும் கைக்கெட்டும் தூரத்தில் கைப்பேசியும் இருக்கட்டும். சத்தம் கேட்டால் தாழிட்டுக்கொண்டு 999ஐ அழைத்து, "வீட்டுக்குள் ஆள் இருக்கிறான், குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று லயத்தின் பெயரோடு சொல்லுங்கள். பிறகு உரக்கக் கத்துங்கள். அவன் கதவை உடைத்துக்கொண்டு உங்கள்மேல் பாய்ந்தால், கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தடுங்கள். அந்த நேரத்துக்குத்தான் 100ஆவது பிரிவு இருக்கிறது.

அப்படி யாருக்காவது காயம் பட்டுவிட்டால், ஆம்புலன்சையும் போலீசையும் நீங்களே அழையுங்கள். தரையைக் கழுவாதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள். கைதானால், விசாரணை தொடங்கும் முன் உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. வசதியில்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேட்கலாம்.