கமலா கானின் முகம் – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் மிஸ் மார்வெல் காமிக்ஸ் நாயகி கமலா கானைப் பற்றி எழுதும்போது, “நம்ம தோட்டத்துப் பிள்ளை மாதிரி” என்று சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே, படிவம் இரண்டில் படிக்கும் என் மகளோடு சேர்ந்து நானும் படித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு கேள்விகள். 2014இல் பதினாறு வயதில் வந்தவள் இத்தனை வருடம் கழித்தும் பதின்ம வயதைத் தாண்டவில்லை. நடுவில் சாகிறாள், இரண்டே மாதத்தில் எழுந்து வருகிறாள். இதில் என்ன வளர்ச்சி இருக்கிறது? அப்புறம், அமெரிக்காவில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் எப்படி நம் பிள்ளை ஆவாள்?

க., கோலகங்சார்

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். கமலாவின் ஊர் ஜெர்சி சிட்டி. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டன். மார்வெலின் பெரிய ஆட்களெல்லாம் பறப்பதும் சண்டை போடுவதும் அந்தக் கரையில்தான். இவள் இந்தக் கரையில் நின்று பார்க்கிறவள். நான் வளர்ந்தது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். படம் பார்க்க, தீபாவளிக்குத் துணி எடுக்க, பெரிய டாக்டரைப் பார்க்க, எதற்கும் ஈப்போ பஸ்தான். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் 1948 ஜூனில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய இடம், அவ்வளவுதான். பக்கத்து ஊரை எட்டிப் பார்த்தே வளர்ந்தவனுக்குக் கமலாவைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியிருக்கவில்லை.

இப்போது வளர்ச்சி. வயது ஏறாததை நான் பொருட்படுத்துவதில்லை, அது காமிக்ஸின் பழக்கம். 1972இல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு இன்றைக்கு என்ன வயது? உருவம் மாறும் சக்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் விட்டுவிடுங்கள். முதலில், டெரிஜன் என்ற மூடுபனி பட்டால் சக்தி விழிக்கும் இன்ஹியூமன் வம்சம் என்றார்கள். 2023இல் பிறவியிலேயே சக்தி உள்ள மியூட்டன்டும்கூட என்றார்கள். அதெல்லாம் கம்பெனிக் கணக்கு. நான் பார்ப்பது அவள் முகத்தை.

முதல் இதழை ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தார். கடையில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை கமலா மோந்து மட்டும் பார்க்கிறாள், தின்னமாட்டாள். அன்றிரவே வீட்டுக்குத் தெரியாமல் ஒரு விருந்துக்குப் போகிறாள், மூடுபனி சூழ்கிறது. அவள் உயிராய் நினைக்கும் வீராங்கனை கேரல் டான்வர்ஸ், அதாவது கேப்டன் மார்வெல், பொன்னிறக் கூந்தலோடு காட்சி தந்து, சூஃபிக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் கடுகுப்பூப் பாட்டைச் சொல்கிறாள்! யாராக ஆசை என்ற கேள்விக்கு, உன்னைப் போல என்கிறாள் கமலா. மூடுபனியில் தன்னைச் சுற்றி உருவான கூட்டை உடைத்து வெளியே வரும்போது வெள்ளைத் தோல், பொன்முடி, நீண்ட கால், கேரலின் பழைய உடுப்பு. அடுத்த இதழில் முடி கண்ணில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது, உடுப்பு இடுக்கில் ஏறுகிறது.

தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் அக்கா இளவரசி வேஷம் கட்டினாள். முகத்தில் அரை டப்பா குட்டிக்குரா பவுடர். இரண்டாவது பாட்டுக்குள் வியர்வை கோடு கோடாக இறங்கி, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம். லயத்துக் குழாயடியில் கழுவிக்கொண்டே, “மூச்சே விட முடியலடா” என்றாள்.

மூன்றாம் இதழில் கேரலின் உருவத்தில் இருக்கும்போதுதான் கமலா மேல் குண்டு படுகிறது. தன் உருவத்துக்குத் திரும்பியதும் காயம் ஆறிவிடுகிறது. இதைவிட அழகாக எப்படிச் சொல்வது? அப்புறம் உடலை மூடும் நீச்சலுடையான தன் புர்கினியையே வெட்டித் தைத்து உடுப்பாக்கிக்கொள்கிறாள்.

அடுத்த வளர்ச்சி அம்மா முன்னால் நடக்கிறது. 2015இல், உலகம் முடியப்போகிறது என்ற நிலையில் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறாள். அம்மா முனீபாவுக்கு ஏற்கெனவே தெரியும். மகள் திருட்டுத்தனமாக வெளியே போனது துன்பப்படுகிறவர்களுக்கு உதவத்தான் என்றால், இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்கு இறைவனுக்கு நன்றி என்கிறாள்.

எங்கள் அக்கா தோட்டத்துக் கணக்கரான கிராணியாரின் மகளோடு சேர்ந்து, செம்பனைக் காட்டு மண் ரோட்டில் ஒளிந்து ஒளிந்து மோட்டார் பழகினாள். அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர், இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தோம். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே சொன்னார்: “பாவாடைல கிரீஸ் போகமாட்டேங்குது. காச்சட்டை போட்டுக்கிட்டு ஓட்டு.” அவ்வளவுதான்.

2016இல் வந்த இரண்டாம் உள்நாட்டுப் போர்க் கதையில், இனி நடக்கப்போகும் குற்றத்துக்கு இப்போதே பிடித்து அடைக்கலாம் என்கிறாள் கேரல். கமலா முதலில் கூடவே நிற்கிறாள். அதன் விலையைக் கொடுப்பவன் அவள் நண்பன் புரூனோ, படுகாயத்தோடு. கேரலிடமிருந்து அவள் விலகி நடக்கும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை மொத்தத் தொடரின் உச்சம். முதல் இதழில் யாருடைய முகத்தைக் கேட்டு வாங்கினாளோ, அவளிடமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 2019இல் எழுதும் பொறுப்பைச் சலாதீன் அகமது ஏற்றார். அவர் எழுதிய இதழ்கள் மோசமில்லை.

சாவு விஷயத்தில் நீங்கள் கோபப்பட்டது சரி. ஆனால் எழுந்து வந்தது எனக்குக் குறையில்லை, செத்த விதம்தான் குறை. 2023இல் அமேசிங் ஸ்பைடர்மேன் 26ஆம் இதழில், அதாவது இன்னொருவன் புத்தகத்தில், ஸ்பைடர்மேனின் பழைய காதலி மேரி ஜேனைக் காப்பாற்ற அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு சாகிறாள் கமலா. அடுத்தவள் முகம் வேண்டாம் என்று கற்றுக்கொண்டவளை, அடுத்தவள் முகத்தோடு சாகடித்தார்கள். தியாகம் என்பார்கள். எனக்கு அந்தப் பொன்முடி மறுபடி வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அதே வருடம் வந்த கமலாவின் காமிக்ஸ் குறுந்தொடரை எழுதியவர்களில் ஒருவர் இமான் வெல்லானி, 2022 தொலைக்காட்சித் தொடரில் கமலாவாக நடித்தவர். அதில் கொஞ்சம் ஆறுதல்.

உங்கள் மகளுக்கு 2014 முதல் 2015 வரை வந்த 19 இதழ்களை மட்டும் முதலில் கொடுங்கள், மற்றதை அவளே தேடிக்கொள்வாள். 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கிய முதல் தொகுப்பு என்னிடம் இரண்டு படி இருக்கிறது. ஒன்றின் மூலையைக் கரையான் தின்றுவிட்டது, கதைக்குச் சேதமில்லை. அடுத்த மாதம் கோலகங்சார் வருகிறேன், கரையான் தொடாததையே கொண்டு வருகிறேன்.